பிங் போகுது, ஆனா டேட்டாஸ்டோர் தொங்குது, ஐஸ்கஸில எங்க தப்பு?

கெடிலக்கரை_அட்மின்:
வணக்கம். கடலூர் சிப்காட்ல ஒரு சின்ன கம்பெனி, பிரிண்டர்லேர்ந்து சர்வர் வரைக்கும் ஐடி வேலை மொத்தமும் நான்தான். ரெண்டு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட் (விஎம்னு சொல்ற மெய்நிகர் கம்ப்யூட்டருங்க ஓடுற சர்வர்), ஒரு ஐஸ்கஸி ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியா டிஸ்க் குடுக்கறது), நடுவுல ஒரு 10 ஜிகாபிட் சுவிட்ச். போன மாசம் எல்லா எடத்துலயும் எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 9000 பைட்டு போட்டேன், நல்லாதான் ஓடிச்சு. வெள்ளிக்கெழமை கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் படுத்துடுச்சு, அதுலேர்ந்து டேட்டாஸ்டோர் (ஸ்டோரேஜ்ல விஎம் ஃபைலுங்க இருக்குற எடம்) தெரியுது ஆனா விஎம் ஆன் பண்ணா பாதில நின்னுடுது. ஸ்டோரேஜுக்கு பிங் அடிச்சா ஒண்ணு கூட விடாம போகுது, கேபிளும் மாத்திட்டேன். டேலி ஓடுற விஎம் வேற, அக்கவுண்ட்ஸ் அக்கா காலைலேர்ந்து என் டேபிள் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துட்டாங்க.

புதுவை_பாக்கெட்:
தம்பி, சாதா பிங்ல போற டேட்டா 56 பைட்டு, அது எந்த சந்துலயும் போயிடும். ஹோஸ்ட்ல எஸ்எஸ்எச் போட்டு விஎம்கேபிங் மைனஸ் ஐ விஎம்கே2 (ஸ்டோரேஜுக்கு போற விஎம்கேர்னல், அதாவது ஹோஸ்ட்டோட சொந்த நெட்வொர்க் போர்ட்) மைனஸ் டி மைனஸ் எஸ் 8972, அப்புறம் ஸ்டோரேஜ் ஐபி. 9000ல ஐபி ஹெடர் 20, ஐசிஎம்பி 8 கழிச்சா 8972. மைனஸ் டி-ய விட்டுடாத, விட்டா பாக்கெட்ட துண்டு போட்டு அனுப்பி எல்லாம் சரின்னு காட்டும், தட்டாஞ்சாவடில ஒரு சர்வர் ரூம்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அத நம்பி ஏமாந்தவன் சொல்றேன்.

கெடிலக்கரை_அட்மின்:
அண்ணே 8972 ஒண்ணு கூட போகல, 1472 (1500ல அதே 28 கழிச்சது) போகுது!! ஹோஸ்ட்ல விசுவிட்ச் (ஹோஸ்ட்டுக்குள்ள இருக்குற மெய்நிகர் சுவிட்ச்), விஎம்கேர்னல் ரெண்டுலயும் 9000தான் இருக்கு, ஸ்டோரேஜ்லயும்.

புதுவை_பாக்கெட்:
அப்ப சுவிட்ச்சுதான். போன மாசம் மாத்தினப்ப கான்ஃபிக் சேவ் பண்ணியா? பண்ணலன்னா கரண்ட் போயி வந்ததும் பழைய 1500க்கே திரும்பியிருக்கும். லாகின் எல்லாம் சின்ன பாக்கெட், அதனால டேட்டாஸ்டோர் தெரியுது. பெரிய ரீடு வந்ததும் ஹோஸ்ட்டும் ஸ்டோரேஜும் 9000னு நம்பி அனுப்புதுங்க, லேயர் 2 சுவிட்ச் அத உடைச்சும் அனுப்பாது திருப்பியும் சொல்லாது, சத்தமில்லாம கீழ போட்டுடும்.

மஞ்சக்குப்பம்_விஎம்:
இதுக்குத்தான் சின்ன செட்டப்புக்கு 1500லயே விடுங்கன்னு சொல்றது. அப்டியே ரெண்டு லிங்க்கையும் எல்ஏசிபி போட்டு ஒண்ணாக்கிடுங்க, ஸ்பீடும் கூடும்.

புதுவை_பாக்கெட்:
1500 விஷயத்துல உங்க பக்கம்தான். எல்ஏசிபி வேணாம் சார், ஒரு செஷன் ஒரு லிங்க்லதான் போகும். ஐஸ்கஸிக்கு மல்டிபாத், அதாவது ரெண்டு தனித்தனி வழி: ரெண்டு விஎம்கேர்னல், ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு ஆக்டிவ் அடாப்டர், இன்னொண்ண அன்யூஸ்டுக்கு தள்ளணும், ஸ்டாண்ட்பைல விட்டா போர்ட் பைண்டிங் (ஐஸ்கஸிய அந்த விஎம்கேர்னலோட கட்டறது) ஒத்துக்காது. அப்புறம் ரவுண்ட் ராபின், ரெண்டு வழிலயும் மாத்தி மாத்தி அனுப்பும்.

கெடிலக்கரை_அட்மின்:
சுவிட்ச்சேதான்ணே, எல்லா போர்ட்டும் 1500ல நின்னுது. 9000க்கு கொஞ்சம் மேலயே இருக்கட்டும்னு 9216 போட்டு இந்த தடவ சேவும் பண்ணி ரெண்டு தரம் பாத்துட்டேன், 8972 போகுது, டேலி வந்துடுச்சு. என் அடாப்டர் ஸ்டாண்ட்பைலதான் இருக்கு, அத ஞாயித்துக்கெழம பாக்கறேன். அக்கா போயிட்டாங்க, சேர மட்டும் இங்கயே விட்டுட்டு.