ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் திரை கருப்பு: ரீஸ்டார்ட் செய்யாமல் மீட்க வழி உண்டா?

கேள்வி:
விண்டோஸ் 11 மேசைக் கணினி. ஸ்லீப்பில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து தட்டினால் பாட்டு ஓடுகிறது, விசைப்பலகை விளக்கு எரிகிறது, திரை மட்டும் கன்னங்கரேல். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்ததில் சேமிக்காத கோப்பை இரண்டு முறை பறிகொடுத்தேன். நேற்று முறைப்படி ஷட் டவுன் செய்தும் பயனில்லை. கேபிளையும் மாற்றியாயிற்று. கிராபிக்ஸ் கார்டை மட்டும் உள்ளிருந்தே தட்டி எழுப்ப முடியாதா?

பதில் 1:
முடியும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'பீப்' என்று ஒலிக்கும், திரை ஒருமுறை மின்னும். திறந்த கோப்புகள் அப்படியே இருக்கும். விளையாட்டு ஏதாவது ஓடினால் அது விழலாம்.

கேட்டவர்:
வந்துவிட்டது, நன்றி! ஆனால் இன்று காலை மறுபடியும் அதே கதை.

பதில் 1:
அது முதலுதவிதான். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளில் 4101 என்ற எண் தென்படுகிறதா பாருங்கள்.

பதில் 2:
கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மீட்டுவிட்டு எழுதும் குறிப்பு அது. விஸ்டா காலத்து ஏற்பாடு. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகளில்) அந்த 2 நொடியை நீட்டச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். திரை உறைந்து நிற்கும் நேரம்தான் கூடும்.

ஷட் டவுன் பற்றி ஒன்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் அது முழு அணைப்பே அல்ல. கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதியும்) டிரைவர்களும் இருந்த நிலையை வட்டில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட்தான், பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும். ஆனால் நீங்கள் பொத்தானைப் பிடித்து அணைத்தபோதும் புதிதாகத்தான் தொடங்கியிருக்கும். அதன் பிறகும் திரும்பி வருகிறதென்றால் பழைய நிலையின் மிச்சமல்ல, டிரைவரையே சந்தேகியுங்கள். அண்மையில் மாறியதா?

கேட்டவர்:
4101 மூன்று இருந்தன. முதலாவது, டிரைவர் தானாகப் புதுப்பிக்கப்பட்டதற்கு மறுநாள்! டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய டிரைவருக்கே திரும்பினேன். நான்கு நாளாகத் தூங்கி எழுகிறது, கோளாறு இல்லை. அந்த நான்கு விசைகளை மட்டும் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். திரை கருத்த பிறகு எங்கே போய்த் தேடுவது?