தாத்தாவின் வால்வு ரேடியோ: குமிழ் சுற்றுகிறது, முள் நகரவில்லை

வானொலிப்பேத்தி:

வணக்கம். எங்கள் தாத்தா வாங்கிய ஐந்து வால்வு ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கிறது. மரப்பெட்டி, முன்பக்கம் நீளக் கண்ணாடி டயல், எண்கள் எல்லாம் அலைநீளமாக, மீட்டரில். பல வருடம் பரணில் கிடந்ததை அம்மா கேட்டார் என்று இறக்கினேன். வால்வு செட் தெரிந்த ஒருவர் பழைய கண்டென்சர்களை மாற்றிக் கொடுத்தார். குரல் அருமையாக வருகிறது, ஆனால் ஒரே ஒரு நிலையம்தான். ட்யூனிங் குமிழைத் திருகினால் அது மட்டும் வழுக்கிச் சுற்றுகிறது, முள் அசைவதே இல்லை.

பின் அட்டையைக் கழற்றினேன். டயல் நூல் அறுந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. கேங் கண்டென்சரின் (தகடுகள் சுழன்று நிலையத்தைப் பிடிக்கும் பாகம்) அச்சில் உள்ளங்கை அகல டிரம், அதற்குள் ஒரு சின்ன ஸ்பிரிங், டயல் தகட்டின் ஓரங்களில் மூன்று புல்லி. முதலில் தையல் நூல் போட்டேன். குமிழ் அச்சில் வழுக்கியது. அடுத்த முறை இழுத்துக் கட்டினேன். முள் பாதி தூரம் போனதும் பட்டென்று அறுந்தது. கடைசியாகத் தூண்டில் நரம்பு. இது அறவில்லை. ஆனால் குமிழைத் திருப்பினால் முள் தயங்கி நின்று பிறகு தாவுகிறது, கையை எடுத்தால் கொஞ்சம் பின்னுக்கு வருகிறது.

எந்த நூல் போடுவது, எத்தனை சுற்று, முள்ளை எந்த இடத்தில் பொருத்துவது என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. செய்தி வரும் இடத்தைத் தாத்தா கண்ணாடிக்குக் கீழே மரச்சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கிறார், 400 மீட்டருக்கு நேர் கீழே. அந்தக் கோடு மறுபடியும் சரியாகப் பொருந்த வேண்டும்.

செம்புக்கம்பி:

சகோதரி, நூல் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு முன் ஒன்று. உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட் என்றால் மின்கம்பியின் ஒரு பக்கம் நேராகச் சேஸிஸில்தான் (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுக்க மின்சாரம். குமிழைக் கழற்றிவிட்டு வெறும் அச்சைத் தொடுவதும், குமிழின் குட்டி ஸ்குரூவில் விரல் படுவதும் உயிருக்கு ஆபத்து. அந்த ஸ்குரூ குழியை மெழுகு வைத்து மூடியிருந்தால் அது இதற்காகத்தான். வேலை முடிந்ததும் திரும்ப மூடுங்கள்.

டிரான்ஸ்பார்மர் இருந்தாலும் பிளக்கை உருவிய பிறகே கை வையுங்கள். ஃபில்டர் கண்டென்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு தொடுங்கள்.

பழையவால்வு:

செம்புக்கம்பி சொன்னதை முதலில் செய்யுங்கம்மா. பிறகு நூலை எல்லாம் கழற்றிவிட்டு, டிரம்மை வெறும் விரலால் அரைச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தகடுகள் முழுக்க உள்ளே போக வேண்டும், மறுபக்கம் முழுக்க வெளியே வர வேண்டும். ஒரு விரல் போதும், வழியில் எங்கேயும் முரண்டக் கூடாது. பாதி தூரத்தில் நூல் அறுந்தது என்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நூல் மேல் சந்தேகம் வரவில்லை. டிரம் அங்கே எதிலோ பிடிக்கிறது.

இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, அச்சின் முன்பக்கக் குண்டு பேரிங். பழைய கிரீஸ் காய்ந்து பிசின் மாதிரி இறுகியிருக்கும். இன்னொன்று, கேங் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையங்கள், அதாவது கிராமெட்டுகள். ஸ்பீக்கரின் அதிர்வு தகடுகளுக்கு ஏறி ஊளைச் சத்தம் வராமல் இருக்கத்தான் கேங்கை ரப்பர் மேல் மிதக்க விட்டிருப்பார்கள். ரப்பர் நசுங்கினால் கேங் ஒரு பக்கம் சாயும், டிரம்மின் விளிம்பு சேஸிஸை உரசும். ரப்பரைப் பார்க்காமல் நூலை மட்டும் மாற்றி, அடுத்த மாதம் அதே வேலையைத் திரும்பச் செய்தவன் நான்.

தகடுகளை மட்டும் வளைத்துவிடாதீர்கள். ஓரத்தகட்டில் வெட்டு வெட்டாக இருப்பது அலைன்மென்ட்டுக்காக (நிலையங்கள் டயலோடு பொருந்துவதற்காக) செய்தது, அதைத் தொடவே வேண்டாம். தகடுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று மீட்டரில் பார்ப்பதானால் காயிலுக்குப் போகும் கம்பியை ஒரு முனையில் கழற்றிவிட்டுப் பாருங்கள். கழற்றாமல் பார்த்தால் காயில் வழியாக எப்போதும் ஷார்ட் போலவே காட்டும், வீணாகப் பயப்படுவீர்கள்.

வானொலிப்பேத்தி:

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் உண்டு. மின்சாரம் இறங்கியதையும் மீட்டரில் பார்த்துவிட்டேன். டிரம்மைச் சுற்றினால் பாதியில் கரகரவென்று உரசுகிறது. மூன்று கிராமெட்டில் ஒன்று கரி மாதிரி உதிர்ந்துவிட்டது, கேங் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. சேஸிஸ் விளிம்பில் டிரம் தேய்த்த பளபளப்பான தடம்கூடத் தெரிகிறது. தாத்தா காலத்திலேயே உரச ஆரம்பித்திருக்கும் போல.

பழையவால்வு:

மூன்றையும் மாற்றுங்கள். உதிர்ந்த ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் சமமாக நிற்காது. கேங்கைத் தூக்கும்போது அதற்கு வரும் கம்பிகளின் சால்டர் இழுபடாமல் மெதுவாக. பேரிங்கின் பழைய கிரீஸை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் கரைத்து எடுத்துவிட்டு, புதிதாக ஒரு பொட்டு வையுங்கள். சுழலும் அச்சை உரசி நிற்கும் பித்தளைப் பட்டை ஒன்று இருக்கும், அதையும் அதே ஆல்கஹாலில் துடையுங்கள். ட்யூன் செய்யும்போது கேட்கும் பொரிச் சத்தத்துக்கு முக்கால்வாசி அந்தப் பட்டைதான் காரணம். புல்லி ஊசிகளுக்கு ஆளுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய். குமிழ் அச்சில் நூல் சுற்றும் இடத்தில் மட்டும் எண்ணெய் படவே கூடாது.

இனி நூல். பின்னல் நூலாக இருக்க வேண்டும். டயலுக்கென்றே வரும் நைலான் பின்னல் நூல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பாலியெஸ்டர் பின்னல், முக்கால் மில்லிமீட்டர் அளவில். தூண்டில் நரம்பு ஒற்றை இழை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். உங்கள் முள் தயங்கித் தாவுவது அதனால்தான். பருத்தி நூல் ஈரக்காற்றுக்கு நீளம் மாறிக்கொண்டே இருக்கும்.

அறுந்த இரண்டு துண்டையும் தூக்கிப் போடவில்லையே? இரண்டையும் அளந்து, கூட ஒரு சாண் சேர்த்து வெட்டுங்கள். தகடுகளை முழுக்க உள்ளே விட்டு, டிரம் அசையாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு முனையை டிரம்மின் கொக்கியில் கட்டி, பள்ளத்தோடு ஓட்டி, புல்லிகளைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு புல்லியிலும் ஒரு துண்டு டேப், இல்லையென்றால் எட்டாவதாக ஒரு கை வேண்டும் போல இருக்கும். குமிழ் அச்சில் இரண்டரைச் சுற்று. சுற்றுகள் பக்கம் பக்கமாக உட்கார வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் நூல் தன்னையே அறுத்துக்கொள்ளும். மறுமுனையை ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஸ்பிரிங் தன் நீளத்தில் ஒன்றரை மடங்குக்கு இழுபட்டு நின்றால் சரி. அதற்கு மேல் இழுத்தால் பேரிங்குக்குப் பாரம். முடிச்சு மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு.

முள் எதிர்த் திசையில் ஓடினால் பதற வேண்டாம், குமிழ் அச்சில் சுற்றை மாற்றிச் சுற்றினால் போதும். இன்னும் வழுக்கினால் வயலின் வில்லுக்குப் பூசும் ரோசினை நூலில் லேசாகத் தேய்க்கலாம்.

தகடுகள் முழுக்க உள்ளே இருக்கும்போது முள் டயலின் கடைசிக் கோட்டில், மீட்டர் எண் பெரிதாக இருக்கும் முனையில், நிற்க வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்குத் தொடக்கம் அதுதான். நூலில் முள்ளை இப்போது வெறுமனே கவ்வ விடுங்கள், ஒட்ட வேண்டாம்.

மூன்றாம்அலை:

டயல் கண்ணாடியின் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். எழுத்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஒரே துடைப்பில் உரிந்து வரும். மென்மையான உலர்ந்த பிரஷ் போதும்.

வானொலிப்பேத்தி:

நான்கு மாலை ஆனது. இரண்டாவது முயற்சியில் நூல் நின்றது. குமிழைத் திருப்பினால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி முள் போகிறது. எட்டு நிலையம் எண்ணினேன்.

ஆனால் செய்தி நிலையம் தாத்தாவின் கோட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் வலப்பக்கம் வருகிறது. அதே நிலையம், அதே அலைவரிசை, அம்மா உறுதியாகச் சொல்கிறார். முள்ளைக் கோட்டுக்கு நகர்த்தி ஒட்டிவிடலாமா?

பழையவால்வு:

ஒட்டாதீர்கள். முதலில் முள் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். 3,00,000-ஐ மீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ். 400 மீட்டர் என்பது 750. உங்கள் செட்டின் ஐஎஃப், அதாவது எந்த நிலையத்தையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை, 455 என்றால் (பின்பக்கச் சீட்டில் இருக்கும், சிலவற்றில் 470) முள் 400 மீட்டரில் நிற்கும்போது உள்ளே அலை உண்டாக்கும் ஆசிலேட்டர் 750-ஓடு 455 சேர்த்து 1205-ல் ஓடும். பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்து அந்த இடத்தில் தேடுங்கள். இரைச்சல் திடீரென்று அடங்கும் இடம்தான் உங்கள் ஆசிலேட்டர். 1205-க்குப் பக்கத்தில் அடங்கினால் முள்ளும் கண்ணாடி எழுத்தும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம்.

ஒத்துப்போனால் அடுத்து நான் கேட்பது இது. கோடு மரத்தில் இருக்கிறது, முள் சேஸிஸில் இருக்கிறது. கண்ணாடி எதில் மாட்டியிருக்கிறது? சேஸிஸை வெளியே எடுத்துத் திரும்பப் போட்டீர்கள்தானே?

வானொலிப்பேத்தி:

1205-ல் சட்டென்று அடங்கியது ஐயா! கண்ணாடியும் சேஸிஸோடு சேர்ந்ததுதான். அடிப்பலகையைப் பார்த்தேன். பழைய வாஷர்கள் அழுந்திய வட்டத்தடம் நான்கு இருக்கிறது. என் வாஷர்கள் எல்லாம் அந்தத் தடத்துக்கு வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தன. நான்கு போல்ட்டையும் தளர்த்தி, சேஸிஸை இடப்பக்கம் நகர்த்தித் தடத்துக்கு மேலேயே உட்கார வைத்தேன்.

முள் கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். முள்ளுக்கு நகப்பூச்சு வைத்துவிட்டேன், காய்ந்ததும் பின் அட்டையை மூடுகிறேன்.