தம்பிக்கு மூளையில் ரத்தக்கசிவு: இரண்டாவது ஆஞ்சியோவில்தான் காரணம் தெரிந்தது

மன்னார்குடியிலிருந்து:

குறுவை நடவு நேரம். நாற்றுக்கட்டோடு வரப்பில் வந்த தம்பி, "அண்ணே, பின்மண்டைல ஓங்கி அடிச்ச மாரி இருக்கு" என்று உட்கார்ந்து வாந்தி எடுத்தான். வயது 24. வெயில், பித்தம் என்றார்கள். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அம்மா ரசஞ்சோறு போட்டார். தட்டில் வலப்பக்கச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, "தீந்துடுச்சும்மா" என்றான். இடப்பக்கம் அப்படியே இருந்தது. "அவனுக்கு அந்தப் பக்கம் தெரியலடா" என்று அம்மா அலறினார். 108 வரவழைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம்.

சிடி ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம், பின்னால், வெள்ளைத் திட்டு. புது ரத்தம் அப்படித்தான் தெரியுமாம். "பிபி இல்ல, அடிபடல, சின்ன வயசு. இங்க கசிஞ்சதுக்குக் காரணம் பாத்தே ஆகணும்" என்றார் டாக்டர். தொடை வழியாக மருந்து செலுத்தி, மூளை ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோ எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டோம். டாக்டர் மட்டும் விடவில்லை. உறைந்த ரத்தம் சின்ன ரத்தக்குழாய்ப் பின்னல் எதையாவது அமுக்கிக்கொண்டிருந்தால் மருந்து உள்ளே போகாது, இரண்டு மாதத்தில் ரத்தக்கட்டி கரைந்ததும் திரும்ப வாங்க என்றார். "நல்லாத்தானேடா இருக்கான், மறுபடி எதுக்கு?" என்றார் சித்தப்பா. நானும் அரைமனதாகத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் நடுக்கம்தான். அம்மாதான் பிடிவாதமாகக் கூட்டிப்போனார்.

இரண்டாவது ஆஞ்சியோவில் அந்தப் பின்னல் இருந்தது, இலந்தைப்பழ அளவுக்கு. ஏவிஎம் என்றார்கள், தமனியும் சிரையும் நேராகச் சேர்ந்துகொண்ட பின்னல். தமனியில் மருந்து ஏறின நொடியே படத்தில் சிரையும் கறுத்துவிட்டது. டாக்டர் எங்கள் பாஷையிலேயே சொன்னார்: "ஆத்துத் தண்ணி வாய்க்கா, மடை, வயல்னு பிரிஞ்சு வேகம் அடங்கித்தானே வடிகாலுக்குப் போகும்? இங்க நடுவுல வயலே இல்ல. ஆறு நேரா வடிகால்ல விழுது. அந்தக் கரை எத்தன நாள் தாங்கும்?"

சின்னது, மேலாக இருந்தது என்பதால் அறுவை சிகிச்சையிலேயே எடுத்துவிட்டார்கள். இடப்பக்கப் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. பைக் ஓட்ட விடுவதில்லை.

கும்பகோணத்திலிருந்து:

அண்ணே, என் மகளுக்கு முதலில் வந்தது வலிப்பு. சிடியில் சின்னக் கசிவு. ஆஞ்சியோ இரண்டு தடவையும் சுத்தம். எம்ஆர்ஐயில்தான் பிடிபட்டது: பொரி மாதிரி ஒரு கொத்து, சுற்றிலும் கறுப்பு வளையம். கேவர்னோமா, அதாவது ரத்தக்குழாய்க் கொத்து என்றார்கள். அதில் ரத்தம் ரொம்ப மெதுவாக ஓடுவதால் ஆஞ்சியோவில் காட்டாதாம். ஆஞ்சியோ சுத்தமென்று யாராவது சொன்னால், எம்ஆர்ஐ எடுத்தாச்சா என்று தயங்காமல் கேளுங்கள். மகள் இப்போது வலிப்பு மாத்திரையில் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள்.