வியன்னா கப்புச்சின் நிலவறை: எந்தப் பெட்டி முன்னால நின்னுட்டீங்க?

மதுரைக்காரி:
ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் ராஜகுடும்பத்தோட சவப்பெட்டிகள் 150க்குப் பக்கம் அங்கே இருக்கே, எனக்கு மறக்காதது மகாராணி மரியா தெரசாவோட மகள் யோசெபாதான். வயசு 16. நேப்பிள்ஸ் ராஜாவுக்கு நிச்சயமாகி, புறப்படுறதுக்கு முன்னாடி அண்ணி சமாதியில ஜெபம் பண்ண அம்மாவே கீழே கூட்டிப் போனாங்களாம். அண்ணி சில மாசம் முன்னாடிதான் பெரியம்மையில போனவங்க. பெட்டி சரியா மூடலையாம். 1767 அக்டோபர்ல இவளும் போயிட்டா.

இதை அங்கேயே நின்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன். இறங்கவே மாட்டேன்னவளை நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருந்தேன். கதை முடிஞ்சதும் மெல்ல கையை உருவிக்கிட்டா. ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு வருஷமாச்சு.

கண்ணாடிப்பேனா:
அந்தக் கதையை இனி யாருக்கும் சொல்லாதீங்க, தயவுசெஞ்சு. கீழே போய் வந்த ரெண்டாம் நாளே அம்மை போட்டிருக்கு. பெரியம்மை தொத்தினா காய்ச்சல் வரவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். முன்னாடியே தொத்தியிருக்கு. அந்த வருஷம் அம்மாவுக்கே பெரியம்மை வந்து பிழைச்சாங்க. அடுத்த வருஷமே டாக்டரை வரவழைச்சு மத்த பிள்ளைகளுக்கு அம்மை குத்த வச்சவங்க மேல இப்படி ஒரு பழியா?

எனக்கு, மரியா தெரசாவோட மகன் ரெண்டாம் யோசேப்போட பெட்டி. அப்பாவும் அம்மாவும் படுக்கையிலேர்ந்து எழுந்து முகம் பார்த்துக்கிற மாதிரி அவ்வளவு பெரிய சிற்பம். அதுக்கு முன்னால மகனுக்கு வெறும் செம்புப் பெட்டி. அவ்வளவுதான்.

போறவங்களுக்குச் சொல்றேன். அங்கே இருக்கிறது பலருக்கு உடம்பு மட்டும். 54 இதயங்கள் அகஸ்டின் சர்ச்சில வெள்ளிக் கலசங்கள்ல இருக்கு, குடல் முதலானது ஸ்டீஃபன் பேராலயத்துக்கு அடியில. மூணும் நடக்கிற தூரம்தான், ஒரே நாள்ல பாருங்க. பின்னாடி வந்த பேரரசர் பிரான்ஸ் யோசேப்புக்கு ரெண்டு பக்கமும் மனைவி எலிசபெத்தும் மகன் ருடால்ஃபும் இருக்காங்க, கூட்டமெல்லாம் அங்கேதான், அதனால காலையிலேயே போயிடுங்க. சால்வை எடுத்துக்கோங்க. மேலே இன்னமும் துறவிகள் இருக்கிற மடம், சத்தமாப் பேசாதீங்க.

மதுரைக்காரி:
கதை தப்புன்னா எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. நடக்காத ஒண்ணைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தியிருக்கேன். இன்னிக்கு ராத்திரி அவகிட்ட பேசறேன்.

வாடைக்காற்று:
ராஜகுடும்பத்துலயும் சேராம, சம்பந்தத்துலயும் சேராம அங்கே இருக்கிற ஒரே ஆள் கரோலின் ஃபுக்ஸ். மரியா தெரசாவை வளர்த்தவங்க. 1754ல இறந்தப்ப, அவங்களையும் அங்கேயே வைக்கணும்னு மகாராணி முடிவு பண்ணியிருக்காங்க.

நான் இந்த ஊர்ல ஒரு வீட்டுல ரெண்டு வருஷம் குழந்தை பார்த்தேன். வேலையை விட்டு நின்ன அன்னிக்குக் குழந்தை தூங்கிட்டிருந்தது. எழுப்ப வேண்டாம்னுட்டாங்க. செருப்பை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

அந்த அம்மாவோட பெட்டியைத் தொடணும்னு தோணிச்சு. தொடலை. ரொம்ப நேரம் நின்னேன்.