கூட்டு வீட்டுக்குப் பத்து வயது: மேடை போடாமல் எப்படிக் கொண்டாடலாம்?

தங்கச்சிமடத்து அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 41 வயது. மனவளர்ச்சி குறைவு, பேச்சு நாலைந்து சொல்தான். அம்மா தவறிய பிறகு மண்டபம் பக்கம் ஒரு கூட்டு வீட்டில் இருக்கிறான். அவனைப் போல ஐந்து பேர், அவர்களோடு கூடவே தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிற மூன்று பேர். காப்பகம் இல்லை, வார்டன் இல்லை. வாடகை வீடு, ஒரே அடுப்பு. வருகிற மே மாதத்தோடு பத்து வருடம் நிறைகிறது.

ஐந்தாம் வருட விழாவை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. பந்தல், மேடை, ஆள் உயரத்துக்கு சவுண்டு பாக்ஸ். ஐந்து பேருக்கும் புதுச்சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தோம். நன்கொடை தந்தவர்களுக்கு வரிசையாகப் பொன்னாடை. இரண்டரை மணி நேரம். தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சட்டைக் காலரை மென்றுகொண்டே இருந்தான், நூல் பிரிகிற வரைக்கும். மைக்கில் அவர்கள் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. "இந்தக் குழந்தைகள்" என்றார்கள். என் தம்பிக்குத் தாடி நரைத்துவிட்டது.

அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைப்பது அவன் வேலை. யார் தட்டு எது என்று அவனுக்குத் தெரியும். போன வருடம் இறந்துபோன பெரியவரின் விளிம்பு நெளிந்த தட்டையும் இன்றுவரை அவர் இடத்தில் வைக்கிறான். யாரும் எடுக்கச் சொல்வதில்லை.

பத்தாம் வருடம் அவர்களுடைய நாளாக இருக்கவேண்டும். எப்படிச் செய்யலாம்? இப்படி ஒரு வீட்டில் இருந்தவர்கள், பழகியவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

அக்கா, நான் பெங்களூர் ஆஷா நிகேதனில் சில காலம் உதவியாளனாக இருந்தேன். உலகம் முழுக்க 'லார்ஷ்' என்ற பேரில் இருக்கும் கூட்டு வீடுகளில் அதுவும் ஒன்று. 1964-ல் பிரான்சில் ஒரு கிராமத்து வீட்டில், காப்பகத்திலிருந்து வந்த இரண்டு பேரோடு ழான் வனியே ஆரம்பித்தது. இந்தியாவுக்கு 1970-ல் பெங்களூரில்தான் முதலில் வந்தது. 2024-ல் அறுபது வருடம் ஆனது.

அங்கே பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்காரரை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவோம். ஒவ்வொருத்தரும் அவரைப் பற்றி ஒரு சொல். "நீ எனக்குச் செருப்பு எடுத்துத் தந்தாய்", அவ்வளவுதான். பேச வராதவர் கையைப் பிடிப்பார். ஐந்து பேருக்கும் இதைச் செய்யுங்கள். பேச்சாளரே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வனியே 2019-ல் காலமானார். அவர் பெண்கள் சிலரைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டது விசாரணையில் தெரிந்தபோது, 2020-ல் லார்ஷ் அமைப்பே அதை வெளியிட்டது. நாங்கள் அவரை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தோம், எனக்குப் பல நாள் தூக்கமில்லை. ஆனால் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால் நிறுவனர் படம், மாலை, வாழ்க்கைக் குறிப்பு என்று எதுவும் வேண்டாம் அக்கா. தட்டு வைக்கிற உங்கள் தம்பியின் படத்தை மாட்டுங்கள்.

கீழக்கரை வாசி:

நம்ம கரையில் இதைப் பேசும்போது ஏர்வாடியை விட்டுவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாப்பா பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறைவு வேறு, தெரியும். ஆனால் ஊர் இரண்டையும் ஒரே சுவருக்குப் பின்னால்தான் வைத்துப் பார்த்தது. எனவே அந்த நாளில் வாசற்கதவை விரியத் திறந்து வையுங்கள் அக்கா. தெருவில் போகிறவர் உள்ளே வந்து ஒரு டீ குடிக்கட்டும். பூட்டு இல்லாத வீடு என்பதை ஊர் கண்ணால் பார்க்கட்டும்.

ஒரு பையனின் அப்பா, இராமநாதபுரம்:

எல்லாம் நல்ல யோசனை. ஆனால் வாடகை யார் தருவது? நன்கொடையாளர்களைக் கைவிட்டுவிடாதீர்கள். அவர்களையும் அதே பந்தியில் உட்காரச் சொல்லுங்கள், பொன்னாடை மட்டும் வேண்டாம்.

என்னைப் போன்ற பெற்றோர் சிலரையும் கூப்பிடுங்கள். நமக்குப் பிறகு யார் என்ற கேள்வியோடு இருப்பவர்கள் நிறைய. பதினெட்டு முடிந்த பிள்ளைக்கும் பாதுகாவலர் நியமிக்க 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆட்சியர் இருக்கும் மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்கவேண்டும். 2016 உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கு ஊரோடு சேர்ந்து வாழ உரிமை உண்டு என்கிறது. பலருக்குத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து பேசினால் போதும், மேடை தேவையில்லை.

தங்கச்சிமடத்து அக்கா:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று போய் எல்லோரிடமும் பேசினேன். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அதனால் தெருவில் ஆண்களும் வீட்டில்தான் இருப்பார்கள். நாட்டுப்படகு மீன் கிடைக்கும். நுங்குக்காலம் வேறு. நுங்கு வெட்டித் தர பக்கத்து வீட்டு அண்ணன் ஒத்துக்கொண்டார். மைக் கிடையாது. வைகைக்கரைத் தம்பி சொன்ன மாதிரி சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சொல்.

தம்பியிடம் "நாற்பது தட்டு வைப்பியா?" என்று கேட்டேன். தலையாட்டினான். ஆனால் அவனுக்கு எண்ணத் தெரியாது, முகத்தைப் பார்த்துத்தான் தட்டு வைப்பான். ஒவ்வொருத்தரும் வந்து உட்கார்ந்து, அவன் ஒருமுறை உற்றுப் பார்த்த பிறகுதான் தட்டு வரும். சாப்பாடு இரண்டு மணிக்கு முன்னால் ஆகாது. வருகிறவர்கள் காலையில் பசியாறிவிட்டு வாருங்கள்.