மறு: மோட்டார் ‘ஷார்ட்’டுக்கு ஒரு சொல் போதுமா?

> சின்ன மோட்டாரோ பெரிய மோட்டாரோ, எல்லாவற்றுக்கும் ‘காப்பு முறிவு’ என்றே போட்டுவிடலாம். பட்டியலில் ஒரு வரி மிச்சம்.

ஐயா, மோட்டார்ப் பழுதுகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘காப்பு’ (இன்சுலேஷன்) வரைக்கும் எனக்குச் சம்மதம். பள்ளியில் படித்த ‘அரிதிற்கடத்தி’ பொருளின் பெயர். அந்தப் பொருள் கம்பிக்குச் செய்யும் வேலைக்குக் காப்பு என்பதே பொருத்தம். ‘முறிவு’தான் உறுத்துகிறது. மின்னழுத்தம் தாங்காமல் காப்பு துளைபட்டுப் போனால் அது முறிவு. ரிமோட் கார் மோட்டாருக்கு வருவதே 7.2 வோல்ட். அதில் கம்பியின் மேல்பூச்சான எந்த எனாமலும் துளைபடாது. அங்கே காப்பைத் தின்பவை உரசல், சூடு, கரித்தூள்.

இந்தப் பேச்சு, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கியின் மோட்டாரில் தொடங்கியது. மலேசியாவில் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்து நிற்கும்; போலி ஆயுதத்தையும் அது விடுவதில்லை. ஆனால் உள்ளே சுழல்வது பெரும்பாலும் ரிமோட் கார் மோட்டாரின் பங்காளிதான்: மூன்று துருவ ஆர்மேச்சர் (கம்பி சுற்றிய சுழலும் பகுதி), மூன்று பட்டை காம்யூடேட்டர் (தண்டில் உள்ள செம்புப் பட்டைகள்), அவற்றை உரசி மின்சாரம் தரும் இரண்டு கார்பன் கட்டைகள். ஆகவே நான் இங்கே பினாங்கில் பிரித்துப் பார்க்கும் 540 என்ற அளவு ரிமோட் கார் மோட்டாரை வைத்தே சொல்கிறேன்.

பட்டறையில் எல்லாவற்றையும் ‘ஷார்ட்’ என்கிறோம். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் மலாயில் ‘லித்தார் பிந்தாஸ்’ என்பார்கள். ஆனால் மேசையில் ஆர்மேச்சரை வைத்ததும் நாம் தேடுவது மூன்று வேறு வேறு பழுதுகளை. ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு, வைத்தியமும் வேறு.

முதலாவது, கம்பி ஆர்மேச்சரின் இரும்பைத் தொடுவது. பெரும்பாலும் காடி (கம்பி படுக்கும் பள்ளம்) முடியும் விளிம்பில், கம்பி வளைந்து திரும்பும் இடத்தில் பாருங்கள். தகட்டின் கூர்முனையில் எனாமல் தேய்ந்து, செம்பு ஊசிமுனை அளவுக்குப் பளிச்சென்று தெரியும். மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு சோதனைமுனை காம்யூடேட்டர் பட்டையில், இன்னொன்று தண்டில். சத்தம் வரவே கூடாது. ஆர்மேச்சரை வெளியே எடுக்காமல் இதைச் சோதிப்பது வீண்வேலை. மோட்டாரின் வெளிக்கூட்டோடு பற்றவைத்த கெப்பாசிட்டர் ஷார்ட்டாகிப் போயிருந்தாலும் மீட்டர் கத்தும், நாம் நல்ல சுற்றைப் பிரித்துக்கொண்டிருப்போம். அந்தக் கெப்பாசிட்டர் இருக்கும்போது 500 வோல்ட் மெகர் (காப்பைச் சோதிக்கும் கருவி) வைப்பவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

இதில் வேடிக்கை, ஒரே ஓர் இடத்தில் இரும்பைத் தொட்டால் பேட்டரி மோட்டார் ஒன்றும் நடக்காதது போல ஓடும், ஏனென்றால் கூடு பேட்டரியோடு சேரவில்லை. இரண்டாவது இடமும் தொட்டால்தான் நடுவில் உள்ள சுற்றுகளை மின்னோட்டம் தாண்டிப்போகும். இதே பழுது வீட்டு கிரைண்டரில் வந்தால் கதை வேறு: கூட்டுக்கே மின்சாரம் வந்துவிடும், எர்த் இல்லாவிட்டால் கையைப் பிடித்து இழுக்கும்.

இரண்டாவது, கம்பியோடு கம்பி. மோட்டார் தண்டிலுள்ள பற்சக்கரமான பினியனைப் பெரிதாகப் போட்டு மோட்டாரைத் திணறவிட்டால் எனாமல் கருகும். 155 டிகிரி தாங்கும் கம்பியானாலும் சக்கரம் சிக்கி நின்ற மோட்டாரில் அது சீக்கிரம் கடந்துபோகும். இதைச் சாதாரண மீட்டர் காட்டாது, சுருளின் மின்தடையே ஓர் ஓமில் சிறு பகுதிதான். பட்டைகளுக்கு இடையே 1 ஆம்பியர் செலுத்தி மில்லிவோல்ட் பார்க்க வேண்டும். மூன்று சோடியும் ஒன்றுபோல இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்தச் சுருள் போயிற்று. அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுவதைத் தவிர வழி இல்லை.

மூன்றாவது, பட்டைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் கார்பன் தூள் அடைவது. பல்குத்தும் குச்சியும் கொஞ்சம் ஆல்கஹாலும் போதும்.

பொதுப்பெயர் ‘காப்புப் பழுது’ இருக்கட்டும். அதன் கீழே ‘உடல்தொடுகை’, ‘கம்பித்தொடுகை’, ‘கரிக்கசிவு’. கடைசியதில் கம்பி எதையும் தொடவில்லை, அதனால் ‘கசிவு’. ‘தொடுப்பு’ என்று யாரும் திருத்த வேண்டாம், அதற்கு ஊரில் வேறு அர்த்தம் உண்டு.

பாயான் லெப்பாஸிலிருந்து

* * *

தம்பி,

பிரித்தது நல்லது. ஆனால் ‘உடல்தொடுகை’யை ஆறாம் ஆண்டு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நான் எப்படிச் சொல்வது? பின்வரிசை சிரித்து முடிக்க பாதி பாடவேளை போய்விடும். ‘கூட்டுத்தொடுகை’ என்று வைத்துப் பார்த்தேன். கூட்டு என்றால் பிள்ளைகள் கூட்டல் என்பார்கள், அம்மாமார் கத்திரிக்காய் என்பார்கள். கம்பித்தொடுகைக்கு ‘சுற்றிடைக் குறுக்கு’ என்று முன்பு ஒருவர் எழுதியதும் ஆகாது. மின்சுற்றும் சுற்று, கம்பிச்சுற்றும் சுற்று.

செந்தூலிலிருந்து

* * *

டீச்சர்,

அப்படியானால் ‘இரும்புத்தொடுகை’. கம்பி தொடுவது ஆர்மேச்சரின் இரும்பைத்தானே. கிரைண்டர் கூடு அலுமினியமாக இருக்கலாம், உள்ளே சுருள் உட்கார்ந்திருப்பது இரும்புத் தகடுகளில்தான். ‘பாடி ஷார்ட்’ என்று சொல்லிப் பழகிய பட்டறைக்காரருக்கும் எங்கே தேட வேண்டும் என்பதை இந்தச் சொல் காட்டிவிடும். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் இரும்புத்தொடுகை, கம்பித்தொடுகை, கரிக்கசிவு மூன்றையும் பட்டியலில் ஏற்றுங்கள்.

சுருளின் மேல் பூசும் ‘வார்னிஷ்’ வார்னிஷாகவே இருக்கட்டும். ஜாலான் பாசாரில் போய் ‘பூச்செண்ணெய்’ என்று கேட்டால் கடைக்காரர் நம்மைத் தலைக்கு எண்ணெய் விற்கும் கடைக்கு அனுப்பிவிடுவார்.