செம்மண்ணில் ஒரு பந்தயத் தடம்

அனைவருக்கும் வணக்கம்.

சென்னைக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் நடந்த சோழவரம் கார்ப் பந்தயத்தைப் பற்றி நம் குழுவில் இரண்டு வாரமாக ஓடும் மடல்களைப் படித்துவருகிறேன். டிக்கெட்டுக்குக் காசில்லாமல் புளியமரத்தில் ஏறிப் பார்த்ததைச் சித்தப்பா எழுதியிருந்தாரே, சிரித்து மாளவில்லை. சோழவரத்தில் இருந்தது போர்க்கால விமான ஓடுதளம். நான் இருக்கும் அமெரிக்காவின் வட கரோலைனாவிலும் ஒரு பழைய கார்ப் பந்தயத் தடம் உண்டு. அது வெறும் மண், செங்குன்றத்து மண் மாதிரியே சிவப்பு.

எங்கள் ஊர் கேரியிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் ஹில்ஸ்பரோ. அங்கே ஈனோ ஆற்றோரம் பிள்ளைகளோடு நடக்கப் போனோம். காட்டுப் பாதை எதற்கு இவ்வளவு அகலம், எதற்கு இப்படி ஒரே சீராக வளைகிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தால், பைன் மரங்களுக்கு நடுவில் கான்கிரீட் படிவரிசை. ஆட்கள் உட்கார்ந்து பார்த்த இடம்! ஆக்கனீச்சி பந்தயத் தடம் என்று பெயர்.

முதலில் அது புகையிலை முதலாளி ஒருவரின் பண்ணை, குதிரை ஓடிய இடம். அவர் பெயர் ஜூலியன் கார். ஆமாம், கார்தான். பிறகு நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பைத் தொடங்கிய பில் பிரான்ஸ், விமானத்தில் போகும்போது மேலிருந்து இதைப் பார்த்து வைத்துக்கொண்டார் என்பார்கள். 0.9 மைலுக்கு முட்டை வடிவத்தில் தடம் போட்டு 1948 ஜூனில் பந்தயம் விட்டார்கள். ஜெயித்தவர் ஃபான்டி ஃபிளாக். மறு ஆண்டு, கடையில் விற்கிற கார்களையே ஓட்டும் நாஸ்கார் போட்டியின் முதல் பருவத்தில் மொத்தமே எட்டுப் பந்தயம், மூன்றாவது இங்கே. அதில் ஃபான்டியின் அண்ணன் பாப் ஃபிளாக் ஜெயித்தார். சாராயம் கடத்திய குடும்பம் அது. போலீசுக்குத் தப்பி மலைப்பாதையில் ஓட்டிய கை, பந்தயத்தில் சும்மா இருக்குமா?

மண் தடத்தில் ஓட்டுவதே வேறு வித்தை. எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். வளைவில் காரின் பின்பாகம் வெளியே வழுக்கிப் போகும். அப்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்து, வண்டியைக் குறுக்காகச் சறுக்கவிட்டே வளைவைக் கடக்க வேண்டும். தண்ணீர் தெளித்து இறுக்கிய மண் வெயிலில் காய்ந்ததும் புழுதி கிளம்பும், முன்னால் போகிற வண்டி தெரியாது. நேரம் ஆக ஆகக் குழி விழும். லூயிஸ் ஸ்மித் என்ற பெண் ஓட்டுநர் இங்கே விழுந்த விபத்தில், காரை வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அப்புறமும் அவர் ஓட்டினார்.

1954இல் ஆரஞ்சு தடம் என்று பெயர் மாற்றினார்கள். ஆரஞ்சு என்பது மாவட்டத்தின் பெயர், பழம் இல்லை. கடைசிப் பந்தயம் 1968 செப்டம்பர் 15, நாஸ்காரின் பேர்போன ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார்.

ஏன் மூடினார்கள் என்று கேட்டால் இங்குள்ளவர்கள் உடனே தேவாலயத்தைக் காரணம் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் கூடாது என்று உள்ளூர்ச் சபையார் விடாமல் எதிர்த்தது உண்மைதான். ஆனால் எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. பில் பிரான்ஸ் அடுத்த வருஷமே அலபாமாவில் டாலடேகா என்ற தடத்தைத் திறந்தார்: 2.66 மைல், முழுக்கத் தார். சபையார் சும்மா இருந்திருந்தாலும் மண்ணுக்கு ஆயுசு அதிகம் இல்லை. 1970இல் இதே பக்கத்து ராலியில், பொருட்காட்சி மைதானத்து மண்ணில் ஒரு பந்தயம் நடந்தது. அதிலும் ஜெயித்தவர் ரிச்சர்ட் பெட்டிதான். அதற்குப் பிறகு நாஸ்காரின் முதல்நிலைப் போட்டி மண்ணுக்குத் திரும்ப 2021 ஆனது. அதுவும் டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டலில் கான்கிரீட் தடத்தின்மேல் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி!

ஹில்ஸ்பரோவில் மண்ணைக் கொட்ட வேண்டியதில்லை, அப்படியே கிடக்கிறது. 2002இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். பந்தயம் நின்றபின் முளைத்த மரங்கள் இப்போது கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்கவில்லை. பையன் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, அடுத்தது சோழவரத்தில் ஓட வேண்டும் என்றான்.

சித்தப்பா, அந்தப் புளியமரம் இருக்கிறதா? யாராவது ஊருக்குப் போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
மேலத்தெரு வாத்தியார் வீட்டு இளையவன்
கேரி